பக்கத்துக் கட்டில் குழந்தையின் சளி: வார்டில் நாங்கள் பட்டதும் பார்த்ததும்

தென்மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

என் மகனுக்கு அப்போது ஐந்து மாதம். கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வயிற்றுப்போக்கில் துவண்டு உச்சிக்குழி உள்வாங்கிவிட்டதால், திங்கட்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். குழந்தைகள் வார்டில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் ஏழு மாதப் பெண் குழந்தை. சளி, இருமல், இளைப்பு. அதன் அம்மாவுக்குத் துணைக்கு ஆள் இல்லை, கணவர் வெளியூரில் வேலை. மருந்து வாங்கவோ வெந்நீர் பிடிக்கவோ போகும்போது குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நானும் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருப்பேன். மூக்கு ஒழுகினால் என் முந்தானையால் துடைத்துவிடுவேன். அதற்குள் என் மகன் பசியில் அழுதால், அந்தக் குழந்தையைக் கிடத்திவிட்டு அதே கையோடு இவனை எடுத்துப் பால் கொடுப்பேன். சிவப்பு நிறக் கிலுகிலுப்பை ஒன்று இரண்டு கட்டிலுக்கும் பொதுவாக இருந்தது. இவன் கடித்துப் போட்டதை அவள் கடிப்பாள், அவள் கடித்ததை இவன் கடிப்பான்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞாயிறன்று மூக்கு ஒழுகியது. சாதாரண நீர்க்கோவை என்று நினைத்தோம். புதன்கிழமை இரவு இரண்டு வாய் பால் உறிஞ்சுவான், விட்டுவிட்டு மூச்சு வாங்குவான், மறுபடி இரண்டு வாய். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்து எழும்பியது, ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பது போல. அந்தக் காட்சியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மருத்துவர் எண்ணிப் பார்த்தபோது நிமிடத்துக்கு 68 மூச்சு. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 88 சதவீதம் என்று காட்டியது. உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். மூக்குச் சளியைப் பரிசோதித்ததில் ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ் இருப்பதாக வந்தது, நுரையீரலின் மிகச் சிறிய மூச்சுக்குழல்கள் வீங்கிச் சளி அடைத்திருக்கிறது என்றார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "போன வாரம் குழந்தை எங்கே இருந்தது?"

ஐந்து நாள் ஆக்சிஜனில் இருந்தான். மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் பால் இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "அந்தக் குழந்தையை ஏன் தூக்கினாய்?" இங்கே அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். தூக்கியது தவறா?

குழந்தைகள் பிரிவில் 19 ஆண்டுகளாகச் செவிலியர்

தங்கையே, துணையில்லாத ஒருத்தியின் குழந்தையை வாங்கிக்கொண்டது தவறு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் குழந்தையைக் கீழே விட்டதற்கும் உங்கள் மகனை எடுத்ததற்கும் நடுவில் அரை நிமிடம் கை கழுவியிருக்க வேண்டும். அதைச் சொல்லித் தந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தில் கேரலின் ஹால் என்ற மருத்துவர் இதையே ஆராய்ந்து 1981ஆம் ஆண்டு வெளியிட்டார். தாமாக முன்வந்தவர்களை அவர் மூன்று குழுவாகப் பிரித்தார். ஆர்.எஸ்.வி. வந்த குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிப் பராமரித்தவர்கள் ஒரு குழு. குழந்தையைத் தொடாமல், அது கிடந்த இடத்தையும் பொருள்களையும் தொட்டுவிட்டுத் தம் மூக்கையோ கண்ணையோ தொட்டவர்கள் இன்னொரு குழு. ஆறடிக்கு அப்பால் அதே அறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தவர்கள் மூன்றாவது குழு. தூக்கியவர்களில் 7 பேரில் 5 பேருக்குத் தொற்று வந்தது. தொட்டவர்களில் 10 பேரில் 4 பேருக்கு வந்தது. உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

புதிதாக வரும் பயிற்சி மாணவிகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். அருகில் நின்று இருமும்போது தெறிக்கும் துளிகளும் கைகளும்தான் இந்தக் கிருமிக்கு வாகனம். கையில் அரை மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். கட்டில் கம்பி, பிளாஸ்டிக் போன்ற கடினமான பரப்பில் சில மணி நேரம் தாங்கும். உங்கள் கிலுகிலுப்பையை நினைத்துப் பாருங்கள். தொற்றிய பிறகு வெளியே தெரிய நான்கு முதல் ஆறு நாள் ஆகும் என்பதால், வார்டில் வாங்கியது பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகே தலைகாட்டும். அதனால்தான் எங்கள் கணக்கில் அது வருவதே இல்லை. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

எங்கள் கைகளையும் சேர்த்தே சொல்கிறேன். இரவுப் பணியில் ஒரு குழந்தைக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அடுத்த கட்டிலில் ஊசிக் குழாய் கழன்று ரத்தம் வரும். கால் அங்கே ஓடும். கையும் அப்படியே போய்விடும். கட்டிலில் கட்டியிருக்கும் கைத் தேய்ப்பு மருந்துப் புட்டி காலியாக இருந்தால் உரக்கச் சொல்லுங்கள். "சிஸ்டர், கை தேய்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். சோப்புக்கும் ஆல்கஹாலுக்கும் இந்தக் கிருமி எளிதில் சாகும்.

இன்னொன்று: மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, பால் வழக்கமாகக் குடிப்பதில் பாதியாகக் குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோய் தொடங்கி மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். உங்கள் மகனுக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கோவையிலிருந்து ஒரு தந்தை

நான் மருத்துவரோடு சண்டையே போட்டவன். எங்கள் மகள் எட்டு மாதத்தில் பிறந்தவள். மூன்று மாத வயதில் இதே நோய். ஆக்சிஜன் வைத்தார்கள், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளி உறிஞ்சினார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுத்தார்கள். அவ்வளவுதான். "இவ்வளவு மோசமாக இருக்கிறாள், ஒரு ஆண்டிபயாடிக் ஊசிகூடப் போடவில்லையே!" என்று வராந்தாவில் கத்தினேன். அந்த இளம் மருத்துவர் என்னை உட்காரவைத்து, வைரசுக்கு ஆண்டிபயாடிக் வேலை செய்யாது, கூடவே வேறு கிருமி சேர்ந்திருந்தால்தான் தேவை என்று இரண்டு முறை பொறுமையாக விளக்கினார். ஸ்டீராய்டும் இதற்குப் பயன்படாது என்றார். நான்காம் நாள் இரவு அழுத்தத்தோடு ஆக்சிஜன் செலுத்தும் கருவி வைக்க வேண்டிவந்தது. ஆறாம் நாள் தானாகவே மூச்சு இறங்கியது. மருந்தில்லாமல் கவனிப்பதும் வைத்தியம்தான் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு பாட்டி, மதுரை

மகளே, நான் மாமியார் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் பேத்தி வார்டில் இருந்தபோது சாத்துக்குடிப் பையோடு உறவுக்காரர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். வந்தவர்களில் பாதிப்பேருக்கு மூக்கில் கைக்குட்டை. பெரியவர்களுக்கு அது வெறும் ஜலதோஷம். மருமகள் தடுத்தால் பொல்லாப்பு அவள் தலையில் விழும். அதனால் நானே கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். "குழந்தை தூங்குகிறது, இங்கிருந்தே பார்த்துவிட்டுப் போங்கள்" என்று எல்லோரையும் அனுப்பினேன். என் நாத்தனாருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருக்கட்டும். வீட்டில் சாம்பிராணிப் புகை போடுவதையும் மூக்கில் எண்ணெய் விடுவதையும் அத்தோடு விட்டுவிட்டேன். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். என் பிள்ளைகள் மூவருக்கும் நான் விட்டிருக்கிறேன். நினைத்தால் இப்போது பகீர் என்கிறது.

லண்டனிலிருந்து ஒரு தாய்

இங்கே 2024 செப்டம்பர் முதல் கர்ப்பிணிகளுக்கு இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். 28 வாரம் ஆனதும் எனக்கும் போட்டார்கள். தாய் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், பிறந்த முதல் மாதங்களில் காக்கிறதாம். மூத்தவன் பிறந்தபோது இது இல்லை. அவன் பத்து வாரத்தில் நான்கு இரவு ஆக்சிஜனில் இருந்தான்.

தென்மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

அக்கா, அம்மா, எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். இருமல் முழுதாக நிற்க மூன்று வாரம் ஆனது, அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், யாராவது பயந்துகொண்டிருக்கலாம். கிலுகிலுப்பையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தேன். இப்போது அது எங்களுடையது மட்டும்.

அந்தப் பக்கத்துக் கட்டில் அம்மா நேற்று தொலைபேசியில் அழைத்தார். அவர் மகள் தவழத் தொடங்கிவிட்டாள். பேசிக்கொண்டே வந்தவர், குரலைத் தாழ்த்தி, "என் பிள்ளையிடமிருந்தா உங்கள் மகனுக்கு வந்தது?" என்று கேட்டார். "வார்டில் எத்தனையோ குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தார்களே, யாரிடமிருந்து என்று எப்படிச் சொல்வது?" என்றேன்.