அமெச்சூர் கால்பந்தில் நடுவர்களை ஏசுவதை எப்படித் தடுப்பது?

கேள்வி (நடுவர் நியமனப் பொறுப்பாளர்):

வார இறுதிகளில் நடக்கும் ஓர் அமெச்சூர் லீக்கில் ஆட்டங்களுக்கு நடுவர்களை அனுப்பும் பொறுப்பில் இருக்கிறேன். அணிகளுக்குக் குறைவில்லை, நடுவர்கள்தான் நிலைப்பதில்லை. தேர்வெழுதித் தேறி, ஆர்வத்தோடு வருகிற இளைஞர்கள் ஓரிரு பருவங்களில் விலகிவிடுகிறார்கள். ஓடுவது கடினம் என்று அவர்களில் ஒருவரும் சொல்வதில்லை. ஓர் ஆஃப்சைடைத் தவறவிட்டதற்காகத் தாயை இழுத்துத் திட்டுவதையும், ஆட்டம் முடிந்தபின் வண்டி நிறுத்துமிடம் வரை பின்தொடர்ந்து வந்து மிரட்டுவதையும் எதற்காகச் சகித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.

அண்மையில் ஒரு சிறுவர் ஆட்டத்தில் நடுவராக நின்றவருக்குப் பதினேழு வயது. பார்க்க வந்த தந்தை ஒருவர், எல்லைக்கோட்டின் ஓரமாக அவர் போகும் பக்கமெல்லாம் நடந்து, பாதி ஆட்டத்துக்கும் மேலாக ஏசிக்கொண்டே இருந்தார். அந்த அணியின் பயிற்சியாளர் கேட்டும் கேளாதவர்போல் நின்றார். அந்த இளைஞர் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை; எழுதி என்ன ஆகப்போகிறது என்றார். "காதில் போட்டுக்கொள்ளாதே" என்று தேற்றி அனுப்புவதைத் தவிர நாங்கள் என்ன செய்யலாம்?

பதில் 1 (நெடுங்கால நடுவர்):

அந்த ஆறுதல் வார்த்தையை முதலில் நிறுத்திவிடுங்கள். இளைஞர்கள் அதை "புகார் செய்யாதே" என்றுதான் புரிந்துகொள்கிறார்கள்.

விதிகள் நடுவரின் பக்கம் இருக்கின்றன. தீர்ப்பை எதிர்த்துச் சொல்லாலோ செயலாலோ முறுமுறுத்தால் மஞ்சள் அட்டை. இழிவாகவோ ஆபாசமாகவோ பேசினாலும் சைகை காட்டினாலும் சிவப்பு அட்டை. 2019-20 பருவத்திலிருந்து பயிற்சியாளர்களுக்கும் இதே அட்டைகளைக் காட்டலாம். பயிற்சியாளர்களும் மாற்று வீரர்களும் அமரும் பகுதியிலிருந்து ஏசியவர் யாரென்று தெரியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்சியாளரே அந்தத் தண்டனையை ஏற்க வேண்டும். அட்டை காட்டும் அதிகாரம் கடைசி விசிலோடு முடிந்துவிடுவதில்லை, ஆட்டம் முடிந்து மைதானத்தை விட்டு வெளியேறும் வரை நீடிக்கிறது என்பதையும் பல இளம் நடுவர்கள் அறிவதில்லை. அதற்குப் பின் வண்டியருகே நடப்பதற்கு அட்டை இல்லாவிட்டாலும், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை அறிக்கையில் எழுதுவது நடுவரின் கடமைகளில் ஒன்று.

அறிக்கையில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. "வீரர் தகாத முறையில் பேசினார்" என்று எழுதினால், ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம் அவர் "நான் பொதுவாகத்தான் அலுத்துக்கொண்டேன்" என்பார். குழுவும் எச்சரித்து விட்டுவிடும். எவ்வளவு கூச்சமாக இருந்தாலும் அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுத வேண்டும். எத்தனையாவது நிமிடம், எவ்வளவு தூரத்திலிருந்து, யாரை நோக்கி, யார் காதில் விழுந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பனவற்றையும் அன்றிரவே எழுதிவிட வேண்டும். உணர்ச்சிச் சொற்களோ ஊகங்களோ அதில் வேண்டாம்.

பதில் 2 (சிறுவர் அணிப் பயிற்சியாளர்):

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை, ஆனால் அட்டைக்கு முன்னால் நடப்பதையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயிற்சியாளர் ஒரு ஃபவுலுக்காகக் கைகளை விரித்துக் கத்தினால், அடுத்த தீர்ப்புக்கு வீரர்கள் கத்துகிறார்கள், அதற்கடுத்ததற்குப் பெற்றோர்கள் கத்துகிறார்கள். எங்கள் அணியில் நடுவரிடம் வாதாடுகிற சிறுவனை, நடுவர் அட்டையைத் தொடுவதற்கு முன்பே நான் வெளியே அழைத்து மாற்று வீரரை அனுப்பிவிடுவேன். பருவத் தொடக்கத்தில் பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுவதால், பின்னர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பயிற்சி ஆட்டங்களில் சிறுவர்களிடமே விசிலைக் கொடுத்துப் பாருங்கள். இருபது பேர் ஒரே நேரத்தில் முறையிடும்போது தீர்ப்புச் சொல்வது எப்படிப்பட்டது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள்: "தோள் பட்ட பிறகுதான் பந்து வந்தது" என்று ஓடியபடியே ஒரு வரி சொன்னால் பாதிக் கூச்சல் அங்கேயே அடங்கிவிடுகிறது.

பதில் 3 (ஒழுங்கு நடவடிக்கைக் குழு உறுப்பினர்):

அந்தத் தந்தையை அட்டை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் பார்வையாளருக்கு அட்டை காட்ட முடியாது. அதனால் அவருக்கு அவருடைய கிளப்பே பொறுப்பு என்று லீக்கின் விதிமுறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் பயிற்சியாளரை அழைத்து, "இவர் விலகும் வரை தொடர மாட்டேன்" என்று சொல்லலாம். வெளியார் தொல்லைக்காக ஆட்டத்தை நிறுத்தவும், தேவைப்பட்டால் அத்தோடு கைவிடவும் கால்பந்து ஆட்ட விதிகளில் நடுவரைப் பற்றிய விதி 5 அவருக்கு அதிகாரம் தருகிறது. அப்படிக் கைவிடப்பட்ட ஆட்டத்தை, தவறு செய்த அணிக்குச் சாதகமாக முடியும்படி லீக் விட்டுவிடக் கூடாது. புள்ளிகள் பறிபோகும் என்று தெரிந்தால் கிளப்புகளே தங்கள் பார்வையாளர்களை அடக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முறுமுறுப்பவர்களைத் தற்காலிகமாக வெளியேற்றும் முறையையும் பரிசீலியுங்கள். இங்கிலாந்தின் அமெச்சூர் லீக்குகளில் 2019-20 பருவம் முதல் இது நடைமுறையில் உள்ளது. 90 நிமிட ஆட்டத்தில் 10 நிமிடங்கள் வெளியே நிற்கும் வீரர், அபராதத்தை விட இதற்கு அதிகம் அஞ்சுகிறார், ஏனென்றால் அவருடைய அணியே அவரைக் கடிந்துகொள்கிறது. துணை நடுவர்கள் இல்லாமல் தனியாக நிற்பவருக்கு நேரக் கணக்கு ஒரு சுமைதான். உங்கள் நாட்டுச் சங்கத்தின் அனுமதியும் தேவை. அதை விட எளியது, கேப்டன் மட்டுமே நடுவரை நெருங்கிப் பேசலாம் என்ற நடைமுறை. ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ போட்டியில், 2024-இல், இதைப் பின்பற்றினார்கள். கோல்கீப்பர் கேப்டனாக இருந்தால், வேறொரு வீரரை ஆட்டத்துக்கு முன் நாணயம் சுண்டும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

வார்த்தைதானே என்று இதை யாரும் விட்டுவிட வேண்டாம். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேர் நகரில், தன் மகன் ஆடிய ஆட்டத்தில் தன்னார்வத்தோடு கொடி பிடித்த லைன்ஸ்மேன் ஒருவர், எதிரணி இளைஞர்கள் அடித்ததில் மறுநாள் இறந்துபோனார். அதையடுத்த வார இறுதியில் அந்நாட்டில் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்திவைக்கப்பட்டன.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. அந்த இளைஞரின் அடுத்த சில ஆட்டங்களுக்கு மூத்த நடுவர் ஒருவரை எல்லைக்கோட்டருகே நிற்க ஏற்பாடு செய்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: அறிக்கை அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. இனி எழுதினால் ஏற்பார்களா?

பதில் 3-ஐ எழுதியவர்:

கெடு கடந்த அறிக்கையைப் பல குழுக்கள் ஏற்பதில்லை. உங்கள் லீக்கின் விதிமுறையைப் பாருங்கள். ஆனால் நியமனப் பொறுப்பாளர் என்ற முறையில் நீங்களே தனியாகப் புகார் அளிக்க அதில் வழியிருக்கக்கூடும். இளைஞரின் வாக்குமூலத்தை இப்போதே எழுதி வாங்கி, அதனோடு இணைத்துவிடுங்கள். விசாரணையில் அவர் அந்தத் தந்தைக்கு நேரெதிரே அமர வேண்டியதில்லை என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்து, முடிவு எதுவானாலும் அதை அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.