குச்சிக்கிழங்கும் மரச்சீனியும் ஒன்றா?

நாகர்கோவில் மருமகள்:
கல்யாணமாகி சேலம் வந்து ஏழு மாதம். அஸ்தம்பட்டி உழவர் சந்தையில் மரச்சீனி கேட்டேன். கடைக்கார அக்கா, "சீனியா? மளிகைக் கடைக்குப் போ கண்ணு" என்றார். கையை நீட்டிக் காட்டியதும், "குச்சிக்கிழங்கா!" என்று ஒரே சிரிப்பு. எங்கள் சீனிக்கிழங்கு இங்கே சர்க்கரைவள்ளி, அதை நானே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சிறுகிழங்கு கேட்டதற்குச் சேப்பங்கிழங்கைப் போட்டுவிட்டார்கள். வேகவைத்து உரித்தால் வழவழவென்று கையில் நிற்கவில்லை. இரண்டும் ஒன்றா?
இன்னொன்று. மாமனார் தோட்டத்துக் குச்சிக்கிழங்கைக் கேட்டால், "மில்லு கிழங்கு, வேண்டாம்" என்கிறார். கிழங்கில் என்ன மில்லுக் கிழங்கு?

ஆத்தூர் விவசாயி:
தங்கச்சி, மரச்சீனி, மரவள்ளி, குச்சிக்கிழங்கு எல்லாம் ஒன்றுதான். குச்சியை வெட்டி நட்டால் வருவதால் எங்களுக்குக் குச்சிக்கிழங்கு. சர்க்கரைவள்ளி தரையில் படரும் கொடி, இதற்குச் சொந்தமே கிடையாது.
மாமனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. மில்லுக்கு நாங்கள் போடுவது எச்-226, முள்ளுவாடி மாதிரி ரகங்கள். மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை. அரைத்து ஜவ்வரிசி ஆக்குவார்கள். மரவள்ளியில் சயனைடு விஷத்தை உண்டாக்கும் சத்து உண்டு, கசப்பு ரகத்தில் அதிகம். சமையலுக்குத் தனி ரகம் கேட்டு வாங்குங்கள். அதையும் பச்சையாகக் கடிக்கக் கூடாது. தோலைச் சீவி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து வடித்துவிடுங்கள். உங்கள் ஊரில் தண்ணீரை வடிப்பது இதற்குத்தான்.

தென்காசிக்காரி:
சிறுகிழங்கு வேறு, சேம்பு வேறு அக்கா. சேம்பில் வளையம் வளையமாக நார் இருக்கும், இலை யானைக்காது மாதிரி. சிறுகிழங்கு துளசி, புதினா குடும்பம். தோல் மெல்லிசு, கருப்பு, மண் மணக்கும். சாக்கில் போட்டுத் தேய்த்தாலே தோல் போய்விடும். நான் தை மாதம் ஊரிலிருந்து பஸ்ஸில் வரவழைக்கிறேன்.

அம்மாப்பேட்டை பாட்டி:
இதோடு தப்பித்தீர்கள். கருணை என்று கேட்டால் ஒருவர் பெரிய சேனையைத் தருவார், இன்னொருவர் பிடிகருணையை. பிடிகருணைக்குப் புளி போட மறந்தால் நாக்கு ஒரு வழியாகிவிடும்.

நாகர்கோவில் மருமகள்:
மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "நானும் அதைத்தானே சொன்னேன்" என்கிறார். அவர் சொன்னது மூன்றே வார்த்தை!