ஆறு பார் (PAR) விளக்குகளால் கோட்டையின் இரவைக் காட்ட முடியுமா?

கேள்வி (வேலூர்):
வேலைக்குச் சென்றுகொண்டே மாலை நேரங்களில் ஒத்திகை பார்க்கும் சிறிய நாடகக் குழு எங்களுடையது. 1806 சூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராக நடந்த சிப்பாய்ப் புரட்சியை ஒன்றரை மணி நேர நாடகமாக எழுதி, ஒரு பள்ளியின் திறந்தவெளி மேடையில் நடிக்கவிருக்கிறோம். மேடையின் அகலம் 30 அடி, ஆழம் 20 அடி. வாடகைக்குக் கிடைத்தவை பார் எனப்படும் ஆயிரம் வாட் ஹாலஜன் மேடை விளக்குகள் ஆறு, எல்இடி பார் விளக்குகள் இரண்டு, ஒளியை ஏற்றி இறக்கும் டிம்மர் கருவி ஒன்று; அதில் தனித்தனியே இயக்கக்கூடிய இணைப்புகள் (சேனல்கள்) நான்கு, சேனலுக்கு 10 ஆம்பியர் தாங்கும். இதற்கு மேல் எடுக்கக் கையில் பணம் இல்லை. சென்ற முறை ஆறு விளக்குகளையும் மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தியதில் முகங்கள் தட்டையாகத் தெரிந்தன. பின்திரை முழுவதும் ஆள் நிழல்கள் ஆடின. நீலத்தாள் ஒட்டியும் இரவு இரவாகத் தோன்றவில்லை. புதிய தலைப்பாகை ஆணை படிக்கப்படும் பகல், சிப்பாய்கள் எழும் பின்னிரவு, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேரும் காலை ஆகிய மூன்றையும் இவற்றைக் கொண்டே காட்ட வழி உண்டா?

மறுமொழி 1 (காட்பாடி, ஒளியமைப்பவர்):
ஆறு விளக்குகள் தாராளமாகப் போதும். அவை நின்ற இடம்தான் காட்சியைக் கெடுத்திருக்கிறது. 12 அடிக் கம்பத்தில் கட்டிய விளக்கு, 5 அடி உயரத்திலுள்ள முகத்துக்கு 7 அடிதான் மேலே இருக்கிறது. அந்தக் கம்பத்தை 20 அடி தள்ளி நட்டால் ஒளி ஏறத்தாழ 19 பாகைச் சாய்வில் போய், நடிகரின் நிழலைப் பின்திரையில் நிற்க வைத்துவிடும். பந்தல்காரரிடம் சொல்லிச் சவுக்குக் கம்புகளை 17 அடிக்கு ஏற்றி, மேடையின் இரு முன்மூலைகளிலும் ஒவ்வொரு விளக்கைக் கட்டி, இரண்டையும் முதல் சேனலில் சேருங்கள். இதுதான் உங்கள் பகல்.

அடுத்த இரண்டையும் இடது, வலது பக்கத்தட்டிகளுக்குள் (மேடையோரத்தை மறைக்கும் தட்டிகள்) தோள் உயரத்தில் வைத்து, ஒன்றுக்கு ஒரு சேனல் கொடுங்கள். பக்கத்திலிருந்து வரும் ஒளி எதிர்த்தட்டிக்குள் போய் மறைவதால் பின்திரையைத் தொடாது. திரை இருண்டு கிடந்து ஆள் மட்டும் தெரிவதைத்தான் பார்ப்பவர் கண் இரவென்று கொள்கிறது. மீதி இரண்டைப் பின்பக்கம் ஒரே மூலையில் உயரக் கட்டி, நான்காவது சேனலில் போடுங்கள். உங்கள் பார் விளக்கு போன்ற ஹாலஜன் விளக்கு குறைந்த மின்சாரத்தில் செம்மஞ்சளாக எரிந்து, ஏற்ற ஏற்ற வெளுக்கும். எனவே அந்தச் சேனலை மூன்று நிமிடங்களில் மெல்ல ஏற்றினால், எந்தத் தாளும் இல்லாமலே விடியல் வந்துவிடும். பார் விளக்கின் ஒளிவட்டம் முட்டை வடிவமானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பின்புறம் கைவிட்டு விளக்கைத் திருப்பினால், அந்த நீள்வட்டத்தை அகலவாக்கிலோ ஆழவாக்கிலோ படுக்க வைக்கலாம்.

அடர்நீலத்தாள் மட்டும் வேண்டாம். அது பெரும்பகுதி ஒளியைத் தானே விழுங்கிவிடும். கடையில் விற்கும் கண்ணாடித்தாளோ விளக்கின் சூட்டில் உருகித் தீப்பற்றவும் கூடும். நீலத்தை எல்இடி விளக்குகளிடம் விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2 (இராணிப்பேட்டை, மின்பணியாளர்):
மேலே சொன்ன அமைப்பு சரியானது, ஆனால் மின்சாரத்தைக் கணக்கிடாமல் கம்பம் நடாதீர்கள். ஆறு விளக்குகளும் சேர்ந்து 6,000 வாட். 230 வோல்ட்டில் அது 26 ஆம்பியர். ஒரு 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று விளக்குகளுக்கு மேல் தாங்காது. வகுப்பறையிலிருந்து இழுக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் ஒன்றுதான் தாங்கும். ஆகவே டிம்மருக்குரிய மின்சாரத்தைப் பள்ளியின் மெயின் போர்டிலிருந்து, எர்த்துடன், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எடுங்கள். ஒயரைச் சுருளாக விட்டுவைத்தால் சுருளுக்குள் சூடேறும் என்பதால் முழுவதும் விரித்துப் போடுங்கள். எல்இடி விளக்குகளை அந்த டிம்மரில் செருகக் கூடாது. துடிக்கும், பழுதாகவும் செய்யும். அவற்றுக்கு நேரடி மின்சாரம் கொடுத்து, முதுகிலுள்ள பொத்தான்களால் நிறத்தை நிலையாக வைத்துவிடுங்கள். ஒலிக்கு ஏற்ப மின்னும் அமைப்பில் விட்டுவிட்டால், பறை முழங்கும்போது கோட்டைக்குள் கல்யாண ரிசப்ஷன் நடப்பது போலிருக்கும்.

மறுமொழி 3 (செய்யாறு, கூத்துக் குழுவைச் சேர்ந்தவர்):
காட்பாடிக்காரர் நீலத்தை எல்இடி விளக்கிடம் விடச் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்களின் மேலங்கி சிவப்பு. வெறும் நீல ஒளியில் சிவப்புத்துணி கறுத்துப்போகும். குறுக்கே போட்ட வெள்ளைப் பட்டை மட்டும் மிதக்கும். நான் அரிதாரம் பூசி நீல விளக்கில் நின்றபோது முகச்சிவப்பு முழுவதும் செத்துப்போனதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். பக்கத்தட்டி விளக்குகளில் ஒன்றையாவது கால் பங்கு அளவில் எரியவிட்டு, நீலத்தை அதற்கு மேல் மெல்லியதாகத் தூவுங்கள். துணியின் நிறம் உயிரோடு இருக்கும். தைத்த உடையுடனும் ஒப்பனையுடனும் ஒருமுறை இருட்டிய பிறகு பார்த்துவிடுவது நல்லது; சூலை மாதத்தில் ஏழு மணிக்கு முன் இருட்டாது.

தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய காலத்தில், கூத்தர்கள் ஒளி விழும் சிறிய இடத்துக்குள் தாங்களே வந்து நின்றார்கள். 30 அடி மேடை முழுவதையும் நிரப்ப நினைக்காமல், இரவுக் காட்சியை வலப்பக்கத்துப் பத்தடிக்குள் அடக்கிப் பாருங்கள். கில்லெஸ்பியின் வருகைக்கு இருவர் ஒரு துணித்திரையைப் பிடித்து நிற்கட்டும். நடிகர் அதன் பின்னே வந்து நின்றபின் திரையை விலக்கினால், அந்த மாற்றத்துக்குத் தனி விளக்கே தேவைப்படாது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரவுக் காட்சியில் பந்தம் ஏந்தி வருவதாக எழுதியிருக்கிறோம். உண்மையான தீயைப் பள்ளியில் அனுமதிக்கவில்லை. அதற்கு என்ன செய்வது?

மறுமொழி 1 (காட்பாடி):
பந்தக் கட்டையின் நுனியில் மஞ்சள் துணி சுற்றிய சிறிய டார்ச் ஒன்றை மறைத்துக் கட்டுங்கள். அது தீ எங்கே இருக்கிறது என்று காட்டினால் போதும். முகத்தில் ஆடும் வெளிச்சத்தை, பந்தம் வரும் பக்கத்துத் தட்டி விளக்கை 20 விழுக்காட்டுக்கும் 35 விழுக்காட்டுக்கும் இடையே கையால் ஏற்றி இறக்கித் தரலாம். தாளக்கணக்கில் ஆட்டாதீர்கள், நெருப்பு தாளம் பார்த்து எரிவதில்லை. டிம்மரில் உட்காருபவர் வசனத்தை மனப்பாடமாக அறிந்தவராக இருக்கட்டும். நடிக்கக் கிடைக்காதவரை அங்கே உட்கார வைக்கும் வழக்கம் உங்களிடமும் இருந்தால், இந்த முறை அதை விட்டுவிடுங்கள்.