லைட் ரைஃபிள்: உதை தாங்கல, குரூப்பும் விரியுது

மலைச்சரிவு
சீசன் நெருங்குது, அவசரம். மலை ஏறி இறங்க லேசா இருக்கட்டும்னு பழைய கனத்த ரைஃபிளை மாத்தியாச்சு. புதுசை பெஞ்சுல வச்சு சுட்டா தோள் கழண்டு போகுது. முதல் ரெண்டு குண்டு ஒட்டி விழுது, மூணாவது எங்கயோ போகுது. குழல் முனையில வாயுவைத் திருப்பி உதையைக் குறைக்கிற மஸில் பிரேக் போடவா, தோள்ல படுற இடத்துக்கு நல்ல ரப்பர் ரீகாயில் பேட் போதுமா? இல்ல, வாங்கினதே தப்பா?

குறிமுள்
என்ன காலிபர் (தோட்டா வகை)? குண்டு எத்தனை கிரெய்ன் (குண்டோட எடை அலகு)? ஸ்கோப்போட மொத்த எடை எவ்வளவு? எத்தனை மீட்டர்ல சுடுறீங்க? மூணாவது குண்டு மேலயா, கீழயா, பக்கவாட்டுலயா? இது தெரியாம யார் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

எஃகுநார்
பிரேக் போட்டுடுங்க. கேஸ் முடிஞ்சுது.

பழையகை
தம்பி, "லைட் ரைஃபிள் உதைக்குது"ன்னு மாசம் ஒருத்தர் வந்து கேக்குறாங்க. எடை குறைஞ்சா உதை கூடும். வாங்குறதுக்கு முன்னாடி தேடிப் பாத்திருந்தா இந்த இழையே வேண்டியதில்ல.

மலைச்சரிவு
.30-06, 180 கிரெய்ன். வெறும் துப்பாக்கி 2.5 கிலோ. மூணாவது மேல போகுது.

குறிமுள்
ஸ்கோப், அதைப் பிடிக்கிற ரிங் எல்லாம் சேர்த்து 2.95 கிலோன்னு வச்சுக்குறேன். கணக்கு சுலபம். குண்டு எடை × வேகம், அதோட வெடிமருந்து எடை × வாயு வேகம் (சுமார் 1,200 மீ/வி). ரெண்டையும் கூட்டினா உந்தம். அதை வர்க்கம் பண்ணி, ரைஃபிள் எடையோட இரண்டு மடங்கால வகுத்தா உதையோட ஆற்றல். உங்களுக்கு ஏறக்குறைய 33 ஜூல் வரும். இதே தோட்டாவை 3.9 கிலோ ரைஃபிள்ல சுட்டா 25தான்.

150 கிரெய்னுக்கு மாறினா தீர்ந்துடும்னு நினைக்காதீங்க. வேகமும் மருந்தும் கூடுறதால பத்துல ஒரு பங்குதான் குறையும். 125 கிரெய்ன் குறைந்த உதைத் தோட்டாவுல பாதியாகும், ஆனா வேகம் குறைவு. அதுக்குத் தனியா ஜீரோ பண்ணணும் (ஸ்கோப் குறியைக் குண்டு விழுற இடத்தோட பொருத்தணும்), தூரத்துல குண்டு சீக்கிரம் இறங்கும். இதே எடையில 7எம்எம்-08, 6.5 கிரீட்மூர் தோட்டா ரெண்டும் 20 ஜூல் பக்கம், .243 வின்செஸ்டர் 14 பக்கம். மான் அளவு விலங்குக்கு லைட் ரைஃபிள்னா என் ஓட்டு 7எம்எம்-08க்குத்தான்.

நாணற்புதர்
ரெண்டு பிரச்சனைய ஒண்ணாப் போட்டுக் குழப்புறோம். தோள் வலி வேற, மூணாவது குண்டு வேற. சுடுறவர் பயந்து ட்ரிகரை இழுத்தா பெரும்பாலும் குண்டு கீழ போகும். இவருக்கு மேல போகுது. ஒண்ணு, மெல்லிய குழல் சூடாகுது. இல்ல, ஃபோர்எண்ட் (ஸ்டாக்குங்கற கட்டையோட முன் பகுதி) குழலை முட்டுது.

சேம்பரும் (குழல்ல தோட்டா உக்காருற அறை) மேகசினும் காலின்னு பாத்துட்டு இதைச் செய்யுங்க. ரைஃபிளை மணல் பைமேல வச்சு, சுடும்போது அழுத்துற மாதிரியே அழுத்திக்கிட்டு, ஒரு காகிதத்தைக் குழலுக்கும் ஃபோர்எண்டுக்கும் நடுவுல நுனியிலிருந்து ரிசீவர் வரை ஓட்டுங்க. சும்மா கையில பிடிச்சு ஓட்டிப் பாத்தா பிரயோஜனமில்ல. லேசான பிளாஸ்டிக் ஸ்டாக் பைமேல வச்சாத்தான் வளையும். காகிதம் சிக்கினா முன் பையை மேகசின் பக்கம் தள்ளி வைங்க. ஸ்லிங் (தோள்வார்) மாட்டுற குமிழ் பைக்கு முன்னாடி நின்னா, உதையில பின்னால வந்து பையில இடிச்சு ரைஃபிளைத் தூக்கும். அதையும் பாருங்க.

அப்புறம் ஸ்க்ரூ. ஸ்டாக்குக்குள்ள அலுமினிய பில்லர் (ஸ்க்ரூ போற உலோகக் குழாய்) இருந்தா ஆக்‌ஷன் ஸ்க்ரூ (ரைஃபிளை ஸ்டாக்கோட பிணைக்கிறது) 7 நியூட்டன் மீட்டர் பக்கம், வெறும் பிளாஸ்டிக்னா 4-5. ரிங் ஸ்க்ரூ 2க்கு மேல போகாதீங்க, ஸ்கோப் குழாய் நசுங்கும். கையேட்டுல வேற எண் இருந்தா அதுதான் சரி.

எஃகுநார்
இவ்வளவு வேலைக்கு பிரேக் போடுறதே மேல். உதை 30-லிருந்து 50 சதவீதம் வரை குறையும்.

காதடைப்பான்
காது? பிரேக் வெடிச்சத்தத்தைச் சுடுறவர் பக்கமே திருப்பிவிடும். 160 டெசிபலுக்கு மேல போற சத்தம், ஒரே வெடியில காது போகும். வேட்டையில அவசரத்துல யாரும் காதுமூடி தேடமாட்டாங்க. பக்கத்துல நிக்குறவர் கதி?

எஃகுநார்
எலக்ட்ரானிக் காதுமூடி எதுக்கு இருக்கு? இல்லன்னா ரேஞ்சுல மாட்டுங்க, வேட்டைக்குக் கழட்டிடுங்க.

காதடைப்பான்
கழட்டினா குண்டு விழுற இடம் மாறும். மெல்லிய குழல்ல இன்னும் அதிகமா மாறும். மறுபடி ஜீரோ பண்ணாம காட்டுக்குப் போகச் சொல்றீங்களா?

பழையகை
ரெண்டு பேருக்கும் சொல்றேன். உதைங்கறது மனசுலதான் இருக்கு. 33 ஜூல் ஒண்ணும் யானைத் துப்பாக்கி இல்ல.

குறிமுள்
மனசுல இல்ல, வேகத்துல இருக்கு ஐயா. 3.9 கிலோ ரைஃபிள் பின்னால 3.6 மீ/வி வேகத்துல வருது, இவரோடது 4.7. தள்ளுறது குத்துறதா மாறுது.

நாணற்புதர்
விஷயத்துக்கு வருவோம். பெஞ்சுல குனிஞ்சு உக்காந்தா பட் (ஸ்டாக்கோட பின் முனை) நேரா காரை எலும்புல ஏறும். ரெஸ்டை உயர்த்தி, நிமிர்ந்து உக்காந்து, காரை எலும்புக்கும் தோள் மூட்டுக்கும் நடுக்குழியில வைங்க. லைட் ரைஃபிள்னா முன் கை ஃபோர்எண்டைப் பிடிச்சே ஆகணும், கனத்த ரைஃபிள் மாதிரி பைமேல சும்மா விட்டா துள்ளும். ஜீரோ பண்றப்ப மட்டும் தோள்ல கூடுதலா ஒரு தடுப்புப் பஞ்சு போட்டுக்கிட்டா யாரும் சிரிக்கமாட்டாங்க.

நல்ல பேட் கட்டாயம் மாத்துங்க, ஆனா தடிமன் பழசுக்குச் சமமா இருக்கட்டும். 25 மிமீ கூட்டினா ஸ்டாக் நீளமாகும், குளிர் கோட்டோட தோளுக்கு ஏத்துறப்ப கக்கத்துல மாட்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 90 மிமீயாவது இடைவெளி வேணும். மேல்நோக்கிச் சுடுறப்ப அது இன்னும் குறையும், புருவம் கிழியுறது அங்கதான்.

பயத்துக்கு மருந்து: மேகசின்ல நிஜத் தோட்டாவோட வெடிக்காத ஒரு டம்மி ரவுண்டை வேற ஆளை விட்டுக் கலந்து போடச் சொல்லுங்க. டம்மியில குழல் முனை தலைகுனிஞ்சா மாட்டிக்கிட்டீங்க. டிரை ஃபயர் (காலித் துப்பாக்கியில ட்ரிகர் பழகுறது), உதை குறைஞ்ச .22 ரைஃபிள் ரெண்டுலயும்தான் அந்தப் பயம் போகும். .30-06ஐ ஒரு உக்காருதல்ல 10 குண்டோட நிறுத்துங்க.

மலைச்சரிவு
காகிதம் நுனியில சிக்குச்சு. பையைத் தள்ளி வச்சு, குண்டுக்கு 5 நிமிஷம் ஆறவிட்டதுல மூணும் 35 மிமீக்குள்ள. டம்மியில முனை குனியுது. பேட் ஆர்டர் போட்டாச்சு. பிரேக் இப்ப வேண்டாம். நன்றி.

எஃகுநார்
அடுத்த சீசன்ல பிரேக் கேட்டு வருவீங்க பாருங்க.

குறிமுள்
35 மிமீ எத்தனை மீட்டர்ல? முதல்லயே கேட்டேன், இன்னும் சொல்லல.