புதுப்பிப்பு: மெட்டாலிகா 1982 டெமோ கேசட், மங்கல் ஒலி தீர்ந்தது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: 'நோ லைஃப் டில் லெதர்' (மெட்டாலிகா இசைக்குழு முதல் ஆல்பத்துக்கு முன் பதிவுசெய்த டெமோ) என்று எழுதிய நகல் கேசட் மங்கலாகவும் வேகமாகவும் ஓடுகிறது, அசல் டெமோதானா?

டெமோதான். 'தி மெக்கானிக்ஸ்' பாட்டைப் பாடுவது மெட்டாலிகா பாடகர் ஹெட்ஃபீல்ட். நடுவில் மெதுவான பகுதி இல்லை. அந்தப் பகுதி, பாட்டு 1983 ஆல்பத்தில் 'தி ஃபோர் ஹார்ஸ்மென்' ஆனபோது சேர்ந்தது. மஸ்டெய்ன் குரலாக இருந்தால், அது அவர் பின்னாளில் தொடங்கிய மெகாடெத் குழுவின் பதிவு.

மங்கலுக்குக் கை கொடுத்தது ஹெட் அஸிமத் (நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வுக் கோணம்) யோசனை. முதலில் டால்பியை (இரைச்சல் குறைப்பு வசதி) அணைத்தேன், பெரிய மாற்றமில்லை. பிறகு அந்தக் கோணத்தை மாற்றும் ஸ்க்ரூ இருந்த நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, மோனோவில் கேட்டபடி கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். சிம்பல் ஓசை பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்தவேண்டும். ஸ்டீரியோவில் கேட்டால் அந்த இடம் எளிதில் பிடிபடாது. வேலை முடிந்ததும் பழைய குறிக்கே திருப்புங்கள், இல்லாவிட்டால் மற்ற கேசட்டுகள் மங்கும்.

எதிர்பாராதது வேகம். பிளேயரின் பெல்ட்டை மாற்றியும் சுருதி அரை செமிடோன் (அடுத்தடுத்த இரு ஸ்வரங்களின் இடைவெளியில் பாதி) கூடுதலாகவே இருந்தது. நகலெடுத்த டெக் (பதிவுக் கருவி) மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் சரியான வேகத்தில் போட்டால் பாட்டு வேகமாகக் கேட்கிறது. குறை நாடாவிலேயே பதிவாகிவிட்டது. 2015 அதிகாரபூர்வ கேசட்டோடு ஒப்பிட்டு, கணினியில் சுமார் 3% குறைத்தேன். சுருதியை மட்டும் மாற்றாதீர்கள், வேகத்தையும் சேர்த்தே குறைக்கவேண்டும்.