பாலைப்பழம்: கொப்பு வெட்டாமல் ஆய்வது எப்படி, கன்று போடுவது எப்படி?

ஒட்டுசுட்டான்வாசி:
பாலைப்பழக் காலம் வந்துவிட்டது. மரத்தில் ஏறிக் கொப்பை வெட்டி விழுத்தி, நிலத்தில் வைத்து ஆய்கிறார்கள். வெட்டாமல் விற்குமளவுக்கு எடுக்க வழி உண்டா? வளவில் நட விதை போட்டால் பலருக்கு முளைப்பதேயில்லை, காரணம் என்ன?

பாலையடி:
பாலை நுனிக்கொப்பில்தான் காய்க்கும். கைத்தடிப்பான கொப்பு திரும்ப வளர்ந்து காய்க்கப் பல வருடம் எடுக்கும், வைரமரம் அல்லவா. இப்படி வெட்டிக்கொண்டே போனால் பழம் கைக்கெட்டாத உச்சியில் மட்டும்தான் நிற்கும்.

மரத்தின் கீழ் தறப்பாளை விரியுங்கள். கொக்கத்தடியின் கொக்கியில் சாக்குத்துணி சுற்றி, கொப்பை மெல்ல உலுப்புங்கள். மஞ்சளாகப் பழுத்தது மட்டும் விழும். பச்சைக்காய் விழுந்தால் உலுப்பியது கூடிவிட்டது. காயில் பால் அதிகம், பழத்தோடு கலந்தால் எல்லாமே உதட்டில் ஒட்டும். ஆய்ந்ததைத் தண்ணீரில் போட்டு அலசினால் பால் குறையும். கையில் ஒட்டினால் முதலில் தேங்காய் எண்ணெய், பிறகுதான் சவர்க்காரம். பொலித்தீன் பையில் கட்டினால் வெக்கையில் புளித்துவிடும், ஓலைக்கடகம்தான் சரி.

ஒன்று கட்டாயம்: கரடிக்கும் இது விருப்பமான பழம், மரத்திலேயே ஏறியிருக்கும். விடியலிலும் மைமலிலும் மரத்தடிக்குப் போகாதீர்கள். மிதிவெடிப் பலகை நிற்கிற காட்டுக்குள் எந்த நேரமும் இறங்க வேண்டாம்.

நாற்றுமேடை:
விதை முளைக்காததற்குப் பெரும்பாலும் காய்ந்த விதைதான் காரணம். எண்ணெய்ப்பிடிப்பான விதை, வைத்திருந்தால் உயிர் போய்விடும். பழம் தின்ற கையோடு சதையைக் கழுவி எடுத்து, தண்ணீரில் மிதப்பதைக் கழித்துவிடுங்கள். மேலோடு கடினம். அடித்தழும்பை (விதை பழத்தோடு ஒட்டியிருந்த அடையாளம்) விட்டு மற்றப் பக்கத்தை அரத்தாள் கடதாசியில் லேசாகத் தேய்த்து, ஒரு நாள் ஊறப்போட்டு, விதையின் பருமனுக்கு மேல் மூடாமல் நடுங்கள். மண், மணல், மக்கிய எரு சம பங்கு. ஆணிவேர் நேரே இறங்கும், அதனால் ஒன்பது அங்குலத்துக்குக் குறையாத உயரப் பை வேண்டும். கட்டைப் பையில் வேர் சுருண்டால் நட்ட பிறகு கோடையில் பட்டுவிடும்.

முளைக்க வாரக்கணக்காகும், பையைக் கொட்டிப் பார்க்காதீர்கள். ஆனி, ஆடியில் போட்ட விதை அந்த மாரிக்கு நடத் தாங்காது. அரைநிழலில் வைத்து அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையோடு நடுங்கள். ஆடு மாடு கடிக்காமல் முள் அடைக்க வேண்டும். வளர்ச்சி மிக மெதுவு. சப்போட்டா ஒட்டுக்கு அடிக்கன்றாக (வேரோடு கீழே நிற்கும் கன்றாக) பாலையைத்தான் எடுப்பார்கள், அதற்கே தண்டு பருக்க இரண்டு வருடமளவில் ஆகும்.

ஒட்டுசுட்டான்வாசி:
நன்றி. இன்னொரு காட்டுப்பழ மரமான வீரைக்கும் இதே முறைதானா? மருந்துக்குப் பாலைப்பட்டை கேட்டும் ஆட்கள் வருகிறார்கள்.

நாற்றுமேடை:
வீரையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஒரு கன்று நட்டுவிட்டுப் பழத்துக்குக் காத்திருக்க வேண்டாம், ஐந்தாறாவது நடுங்கள்.

பாலையடி:
பட்டையை அடிமரத்தில் சுற்றிவர உரித்தால் வேருக்குச் சாப்பாடு இறங்காது, மரம் மெல்லச் செத்துப்போகும். காற்றில் முறிந்த பச்சைக்கொப்பில் எடுக்கச் சொல்லுங்கள், வளவு மரத்தில் மட்டும். ஒதுக்கக்காட்டில் அனுமதியில்லாமல் பட்டை, கொப்பு எதிலும் கைவைப்பது வனச்சட்டப்படி குற்றம்.