‘கார் டாக்’ கேட்டு வளர்ந்தவர்கள் வாருங்கள்: டாம், ரே, பழைய டாட்ஜ்கள்

சார்ல்ஸ் கரையோரம்:

பழைய அமெரிக்க கார்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், பத்து நிமிடத்துக்குள் யாராவது ‘கார் டாக்’ வானொலி நிகழ்ச்சியை இழுத்துவிடுகிறார்கள். அதற்கென்றே தனியாக ஓர் இழை வேண்டும் என்று பலரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இதோ. நீங்கள் கேட்டது, கற்றது, சிரித்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுங்கள்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பாஸ்டனின் டபிள்யூ.பி.யூ.ஆர். வானொலியில் 1977இல் உள்ளூர் மெக்கானிக்குகள் சிலரை உட்கார வைத்து நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வைக்கலாம் என்று கூப்பிட்டார்கள். வந்தது டாம் மாக்லியோஸி ஒருவர்தான். மறுமுறை போகும்போது தம்பி ரேயையும் கூட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் 2012 வரை இருவரும் மைக்கை விடவே இல்லை. 1987இல் என்.பி.ஆர். என்ற அமெரிக்கப் பொது வானொலி மூலம் நாடு முழுக்கப் போனது, 1992இல் ஒலிபரப்புத் துறையின் பீபடி விருது கிடைத்தது. ஆனால் கடைசிவரை அது பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற பேச்சாகவே இருந்தது.

இருவருமே மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். 1973இல் பாஸ்டன் பக்கத்து கேம்பிரிட்ஜில் ஓர் இடம் பிடித்தார்கள். இடமும் ஸ்பேனரும் வாடகைக்குக் கிடைக்கும், உங்கள் வண்டியை நீங்களே பிரித்து மாட்டிக்கொள்ளலாம். அது காசு பார்க்கவில்லை. பின்னாளில் அதுவே ‘குட் நியூஸ் கராஜ்’ என்ற முறையான ஒர்க்‌ஷாப் ஆனது.

எனக்கு அந்த நிகழ்ச்சியில் உயிர், டாமின் 1963 டாட்ஜ் டார்ட் கன்வெர்டிபிள்தான். தம்பி அதைப் பற்றிச் செய்யாத கிண்டல் கிடையாது. அண்ணன் அசைந்து கொடுத்ததும் கிடையாது. டாட்ஜ், பிளிமத் எல்லாம் கிரைஸ்லர் கம்பெனி வண்டிகள்தான். அந்தக் காலத்து கிரைஸ்லர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியருக்குக் கம்பி இருக்காது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் டாஷ்போர்டில் பொத்தான்கள் வரிசையாக இருக்கும், முன்னே போக ஒன்று, பின்னே போக ஒன்று. 1964 மாடலோடு அதை நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட வண்டியை எம்.ஐ.டி.யில் படித்த ஒரு மனிதர் ஆசையோடு வைத்திருக்கிறார், அதைப் பற்றிச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறார் என்பதே, பழைய வண்டி வைத்திருந்த எங்களுக்கெல்லாம் பெரிய தைரியம்.

அந்தச் சிரிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. ரே ஏதாவது சொல்வார், டாம் தொண்டையிலிருந்து ஒரு வெடி வெடிப்பார், போன் செய்தவரும் தன் கஷ்டத்தை மறந்து சிரிக்க ஆரம்பித்துவிடுவார். முடிக்கும்போது “என் தம்பி மாதிரி ஓட்டாதீர்கள்” என்பார் அண்ணன். “என் அண்ணன் மாதிரியும் ஓட்டாதீர்கள்” என்பார் தம்பி.

வொர்செஸ்டர் குளிர்:

நல்ல வேலை செய்தீர்கள் அண்ணா. நான் எழுதப்போவது அவர்களை நேரில் பார்த்த கதை இல்லை, அவர்களிடமிருந்து கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட கதை.

எங்கள் வீட்டு ஓனர் எழுபது வயதைத் தாண்டியவர். அவரிடம் 1964 பிளிமத் வேலியண்ட் இருந்தது, 225 ஸ்லாண்ட் சிக்ஸ் எஞ்சின். ஆறு சிலிண்டரையும் 30 டிகிரி சாய்த்து வைத்த எஞ்சின் அது. பானெட் தாழ்வாக இருக்கலாம், பக்கவாட்டில் மேனிஃபோல்டுக்கு, அதாவது காற்றும் புகையும் போகிற குழாய்களுக்கு, நிறைய இடம் கிடைக்கும். அடித்தாலும் சாகாத எஞ்சின் என்று பெயர் எடுத்தது. அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் கிளம்ப மறுத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஜோராகப் பிடிக்கும், உடனே அணைந்துவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள், ஃப்யூயல் பம்பை மாற்றினார்கள். பில் மட்டும் வளர்ந்தது, வண்டி கிளம்பவில்லை.

டாமும் ரேயும் போனில் எப்படிப் பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வண்டியைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை. கேள்விகளை முன்கூட்டியே அவர்களிடம் காட்டவும் மாட்டார்கள். அதனால் கேட்டுக் கேட்டுத்தான் இடத்தைக் குறுக்குவார்கள். சூடாக இருக்கும்போதா, குளிர்ந்திருக்கும்போதா? வளைவிலா, நேர் ரோட்டிலா? யார் ஓட்டும்போது? கிண்டல் எல்லாம் அந்தக் கேள்விகளுக்கு நடுவில்தான் வரும். மனசு இளகினால்தான் ஆள் உண்மையைச் சொல்வான், “ஆமாம், அதற்கு முந்தின நாள் மைத்துனன் கையை வைத்தான்” என்று.

நானும் அதையே செய்தேன். “சரியாக எந்த நொடியில் அணைகிறது?” என்று கேட்டேன். ஓனர் போய் வண்டியில் உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்தார். “சாவியிலிருந்து கையை எடுத்த நொடியில்” என்றார். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. பெட்ரோல் பிரச்சினை என்றால் சாவியின் நிலையைப் பார்த்தா வரும்?

ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்கு நேராகப் போகும். சாவியை விட்டதும் அந்த வழி அடைபட்டு, பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த அளவில் போகும், காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கிற பாயிண்ட் கருகாமல் இருக்க. எஞ்சினுக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு முன்பக்கத் தகட்டில் திருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் துண்டு அது, விரல் நீளம்தான். ரெசிஸ்டர் போய்விட்டால் சுற்றும்வரை எஞ்சின் ஓடும், விட்டதும் நின்றுவிடும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துப் பார்த்தோம், எஞ்சின் நிற்காமல் ஓடியது. இது சோதனைக்கு மட்டும், ஒயரோடு ஊர் சுற்றாதீர்கள். சில டாலரில் புது ரெசிஸ்டர் வாங்கி மாட்டினோம். உபரியாக ஒன்றை கிளவ் பாக்ஸிலும் போட்டு வைத்தார். பழைய கிரைஸ்லர் வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் அப்படித்தான் செய்வார்கள்.

டயர் மாத்துறவன்:

கிரைஸ்லர் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1970 வரை வந்த டார்ட், வேலியண்ட் வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு எல்லாம் தலைகீழ் மரை. கழற்ற வேண்டுமென்றால் வலப்பக்கம் திருப்ப வேண்டும். ஸ்டெப்னி மாற்றக் குனிகிறவர் ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதிப்பார், நட்டு மேலும் இறுகும், கடைசியில் ஸ்டட் ஒடியும். ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள், ‘எல்’ என்ற எழுத்து இருக்கும். புதிதாக இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அட்லாண்டா அக்கா:

எனக்கு மறக்காதது 1997தான். சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, நான் பாதி காதில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் அரசாங்க வண்டி ஒன்றைப் பற்றிப் புலம்புகிறார். கிளம்பியதும் முதல் இரண்டு நிமிடம் பயங்கர ஆட்டம், சத்தம். அப்புறம் ஒரு குலுக்கு, அதற்கப்புறம் வழவழவென்று ஓடுகிறது. எட்டரை நிமிடத்தில் எஞ்சின் சுத்தமாக நின்றுவிடுகிறது. டாமும் ரேயும் வழக்கம்போல நோண்டிக் கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்து அடுப்பை அணைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் வந்து நின்றேன். பேசியவர் ஜான் கிரன்ஸ்ஃபெல்ட், விண்வெளி வீரர். அட்லாண்டிஸ் விண்கலத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்!

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம் என்பதுதான் அழகு. விண்கலம் கிளம்பி ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் திட எரிபொருள் பூஸ்டர்கள் கழன்று விழும், ஆட்டம் அடங்கும். எட்டரை நிமிடத்தில் முக்கிய எஞ்சின்களை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் சுற்றுப்பாதைக்கு வந்தாயிற்று. ஒரு மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே சொன்னார் மனிதர். என் பெண் அப்போது சின்னவள். அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள்.

காரைக்குடி டு நியூஜெர்சி:

அக்கா, அது மறக்கவே முடியாத எபிசோட். நான் என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பா செட்டிநாட்டில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். அந்த வீட்டில் ஒரு பிளிமத் கார் நின்றது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரோடு சேர்ந்து டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டி விற்ற காலம். துடைப்பது, ஓட்டுவது, பிரிப்பது எல்லாம் அப்பாதான். வயதான பிறகு எங்களோடு வந்து தங்கியபோது ஆங்கிலம் பேசத் தெரியாமல் ரொம்பத் தவித்தார். டி.வி. பிடிக்கவில்லை. சனிக்கிழமை காலை நான் ‘கார் டாக்’ போட்டால் மட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

காரணம், அந்த நிகழ்ச்சியில் எல்லோரும் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். “உங்கள் வண்டி எப்படிச் சத்தம் போடுகிறது, செய்து காட்டுங்கள்” என்பார்கள் அண்ணன் தம்பி. போனில் இருப்பவர் கூச்சப்பட்டு, அப்புறம் வாயாலேயே டிக்கு டிக்கு என்றோ, கொர்ர் என்றோ செய்து காட்டுவார். அதற்கு என்ன மொழி வேண்டும்? ஒரு தடவை ஒருவர் செய்து காட்டியதும் அப்பா, “தையல் மெஷின் மாதிரி ஓடுது பாரு, இது டேப்பட்டுடா” என்றார். எஞ்சினில் வால்வைத் தள்ளுகிற துண்டு அது. இன்னொருவர் கனமாகத் தட்டுகிற சத்தத்தைச் செய்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏத்தத்துல போறப்ப சாஸ்தியாவுதான்னு கேக்கச் சொல்லு. ஆமான்னா பேரிங்கு போச்சு, வண்டிய ஓட்டவே கூடாது” என்றார். ரேடியோவில் அவர்கள் கேட்ட அடுத்த கேள்வி அதுதான். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “கேள்வி கேக்குறான் பாரு, அவன்தாண்டா தொழில் தெரிஞ்சவன்.”

அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே ‘க்ளிக், க்ளாக், டேப்பட் சகோதரர்கள்’ என்று சொன்னபோது அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

சார்ல்ஸ் கரையோரம்:

தம்பி, அப்பாவைப் பற்றி இன்னும் எழுதுங்கள், தனியாகவே எழுதுங்கள்.

கேம்பிரிட்ஜின் ஹார்வர்டு ஸ்கொயர் பற்றி ஒரு தகவல். பிராட்டில் தெரு முனையில் மாடி ஜன்னலில் ‘டூயி, சீட்டம் அண்ட் ஹோவ்’ என்று வக்கீல் ஆபீஸ் மாதிரி ஒரு பெயர் இருந்தது. அது இவர்களுடைய அலுவலகத்தின் பெயர். உரக்கப் படித்துப் பாருங்கள், ஆங்கிலத்தில் ‘நாங்கள் ஏமாற்றுகிறோமா? பின்னே!’ என்று கேட்கும்.

டாம் 2014 நவம்பரில் காலமானார், அல்சைமர் நோயின் சிக்கல்களால். நிகழ்ச்சியில் வாராவாரம் ஒரு புதிர் போடுவார்கள், போன வாரப் புதிரை அண்ணன் மறந்துவிட்டார் என்பது வருடக்கணக்காக அங்கே ஓடிய நகைச்சுவை. அதனால் அந்தச் செய்தி எனக்கு இன்னும் கூடுதலாக வலித்தது. ரே ஒர்க்‌ஷாப் ஆள், அமைதியாக விஷயத்தை முடிப்பவர். டாம் வேலைக்குப் போகும் வழியில் தன் எம்.ஜி. காரை ஒரு டிரக் நசுக்கப் பார்த்ததும், போய் வேலையையே விட்டவர். 1999இல் எம்.ஐ.டி. பட்டமளிப்பு விழாவுக்கு இருவரையும் பேச அழைத்தார்கள். இந்தக் கதையை அங்கேயும் சொன்னார். ஒருவர் இல்லாமல் மற்றவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பழைய ஒலிப்பதிவுகள் பாட்காஸ்டாகக் கிடைக்கின்றன, பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

புதுசா வந்தவன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் நியூ ஹாம்ஷயரில் இருக்கிறேன். பதினேழு வயதுப் பையன் அந்த பாட்காஸ்டைக் கேட்டுவிட்டு 1965 டார்ட் ஒன்றை விற்பனையில் பார்த்து வைத்திருக்கிறான். நேரில் போய்ப் பார்க்கப் போகிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?

வொர்செஸ்டர் குளிர்:

வாங்க சார். எஞ்சினைக் கடைசியில் பாருங்கள், அது எப்படியும் ஓடும். நம் ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்புதான் எதிரி. வண்டியைத் தூக்கி, முன்சீட்டுக்கு அடியில் டார்ஷன் பார்கள் (முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள்) போய்ப் பிடிக்கிற குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். டிக்கி மேட்டைத் தூக்கி அடித்தகட்டையும் பாருங்கள்.

அப்புறம் முக்கியமானது. அந்த வருட வண்டியில், மிதித்ததும் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு சக்கரத்தில் லைன் ஒழுகினால் நான்கிலும் பிரேக் போய்விடும். 1967 மாடலில் வந்த இரட்டை அறை சிலிண்டரை இதில் பொருத்தலாம், லைன்களைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் பின்சீட்டுக்கு பெல்ட் போடும் வேலையையும் முடித்துவிட்டு பையன் கையில் சாவியைக் கொடுங்கள். எந்த ஊரில் வண்டி நிற்கிறது என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். பக்கம் என்றால் சனிக்கிழமை நானும் வருகிறேன்.